குழந்தைக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி: எந்த ஊசி, எந்த மயக்கம், எந்தப் பிள்ளைக்கு?

சேலத்தில் பிள்ளைக்கு ஆபரேஷன் நாள் குறித்தவுடன், மயக்க மருந்து டாக்டரான என்னிடம் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "திரும்ப நல்லா முழிச்சுக்குவானுங்களா?" என்பது முதலாவது. அதற்குப் பதில் சொல்லி முடித்ததும் அடுத்தது வரும்: "பெரியவனுக்கு டான்சில் எடுத்தப்ப ராத்திரி பூரா வாந்திங்க. இவனுக்கு அப்படி ஆகாம ஏதாச்சும் ஊசி இருக்குதுங்களா?"

இருக்கிறது. ஒன்றல்ல, பல. அதனால்தான் தேர்வு குழப்புகிறது. ஒரு ஆஸ்பத்திரியில் "எமிசெட் போட்டுட்டோம், பயப்படாதீங்க" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் இரண்டு ஊசி. மூன்றாவது இடத்தில் மயக்கம் கொடுக்கும் முறையையே மாற்றலாம் என்கிறார்கள். உறவினர் ஒருவர் மணிக்கட்டில் அழுத்தினால் போதும் என்று வீடியோ அனுப்புகிறார். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எது உங்கள் பிள்ளைக்கு என்பதுதான் கேள்வி.

வாந்திதானே என்று விட்டுவிடவும் முடியாது. தையல் போட்ட வயிறு ஓங்கரிக்கும்போது வலி கூடும். தண்ணீர் தங்காது, வலி மருந்தும் தங்காது. அன்றே வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளை வார்டில் படுக்க நேர்வதற்கு வாந்தி ஒரு முக்கியக் காரணம்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

மருந்தைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் எபர்ஹார்ட் என்பவரின் குழு 2004-ல் வெளியிட்ட ஓர் எளிய கணக்கு இன்றும் உதவுகிறது. நான்கே கேள்வி:

- ஆபரேஷன் 30 நிமிடத்துக்கு மேல் போகுமா?
- பிள்ளைக்கு 3 வயது நிறைந்துவிட்டதா?
- மாறுகண் ஆபரேஷனா?
- பிள்ளைக்கு முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வந்திருக்கிறதா, அல்லது அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களுக்கு அப்படி வந்திருக்கிறதா?

ஒவ்வொரு "ஆம்"முக்கும் ஒரு புள்ளி. அவர்கள் கண்டபடி, புள்ளி எதுவும் இல்லாத பிள்ளைகளில் 100-க்கு 9 பேர் வாந்தி எடுத்தார்கள். ஒன்று இருந்தால் 10, இரண்டு இருந்தால் 30, மூன்று இருந்தால் 55, நான்கும் இருந்தால் 70 பேர். இரண்டாவது புள்ளியில் ஒரேயடியாக ஏறுவதைக் கவனியுங்கள். "பெரியவனுக்கு ராத்திரி பூரா வாந்தி" என்று சொன்ன அம்மா, தனக்கே தெரியாமல் ஒரு புள்ளியைச் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தி பற்றி 2020-ல் வந்த நான்காவது சர்வதேச ஒருமித்த வழிகாட்டுதல் இந்தப் பட்டியலை நீட்டியது. பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளை, வயதுக்கு வந்த பெண் பிள்ளை, டான்சில் மற்றும் அடினாய்டு ஆபரேஷன், மூச்சு வழியாகக் கொடுக்கும் ஆவி மயக்கம், நெடுநேரம் வேலை செய்யும் மார்ஃபின் வகை வலி மருந்து ஆகியவையும் அதில் சேர்ந்தன. ஏற்காடு பஸ்ஸில் பை இல்லாமல் ஏற முடியாத பிள்ளை என்றால் அதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். "இதைப் போய் டாக்டர்கிட்ட சொல்றதா" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

அபாயம் தெரிந்த பிறகு, ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பவை இவை. எவ்வளவு தூரம் தடுக்கும்? எத்தனை மணி நேரம் தாங்கும்? என்ன பக்கவிளைவு? பில்லில் தெரியாத செலவு என்ன? இன்று ராத்திரி இந்தப் பிள்ளை தூங்கப்போகும் இடம் சேலத்துக்குள் ஹஸ்தம்பட்டியா, ஏற்காட்டு மலைமேல் நாகலூரா? கடைசிக் கேள்வியை எந்தப் பாடநூலும் கேட்பதில்லை. நம் ஊரில் கேட்டே ஆக வேண்டும்.

## ஒண்டான்செட்ரான் மட்டும்

எமிசெட் என்ற பெயரில் வாந்திக்குச் சிரப்பாக வீட்டில் இருக்குமே, அதே மருந்துதான். ஆபரேஷனில் நரம்பு வழியாக, கிலோவுக்கு 0.1 மி.கி., அதிகபட்சம் 4 மி.கி. ஆபரேஷன் முடியும் தறுவாயில் போடுவது வழக்கம். விலை மிகக் குறைவு. தூக்கம் வராது. சில பிள்ளைகளுக்குத் தலைவலி, மலச்சிக்கல் வரும். பிறவியிலேயே இதயத் துடிப்பின் மின்னோட்டக் கோளாறு உள்ள பிள்ளைக்குத் தவிர்க்க வேண்டும். குடும்பத்தில் யாராவது சிறு வயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

குறை என்னவென்றால், வேலை சில மணி நேரம்தான். காலை பத்து மணிக்குப் போட்ட ஊசியின் பலம் மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது இறங்கியிருக்கும். அந்த ஊசியை மீறி வாந்தி வந்தால், ஆறு மணி நேரத்துக்குள் அதையே மறுபடி போடுவதில் பெரிய பலன் இல்லை. வேறு வகை மருந்துதான் தேவை.

இது மட்டும் போதும் என்பது குறைந்த அபாயப் பிள்ளைகளுக்கு: ஒன்றரை வயதில் இருபது நிமிடக் குடலிறக்கம், சின்னத் தையல், சுன்னத். சில பிள்ளைகளுக்கு இதுகூட வேண்டாம்.

## டெக்ஸாமெத்தசோன் மட்டும்

"ஸ்டீராய்டா?" என்று கேட்டுப் பின்வாங்குகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: ஒரே ஒரு டோஸுக்கும் மாதக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. எடை கூடாது, வளர்ச்சி நிற்காது.

கிலோவுக்கு 0.15 மி.கி., அதிகபட்சம் 5 மி.கி. பிள்ளை மயங்கியதும், ஆபரேஷன் தொடக்கத்திலேயே போட வேண்டும். வேலை செய்யத் தொடங்க நேரமெடுக்கும், ஆனால் மறுநாள் வரை தாங்கும். விழித்திருக்கும்போது வேகமாகப் போட்டால் பிறப்புறுப்பைச் சுற்றி எரிச்சலும் அரிப்பும் வரும். பிள்ளை காரணமே தெரியாமல் அலறும். மயங்கிய பின் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டான்சில் பிள்ளைகளுக்கு இது தனிக் கொடை. பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வில், டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு முதல் 24 மணி நேரத்தில் வாந்தி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தொண்டை வலியும் குறையும், சீக்கிரம் சாப்பிடத் தொடங்குவார்கள். ரத்தக்கசிவைக் கூட்டுமோ என்ற சந்தேகம் 2008-ல் ஓர் ஆய்வால் எழுந்தது. அதைச் சோதிக்கவே 2012-ல் வந்த ஆய்வில், மறுபடி அட்மிட் செய்யவோ தியேட்டருக்குக் கொண்டுபோகவோ வேண்டிய அளவு கசிவு கூடியதாகத் தெரியவில்லை. நான் போடுகிறேன்.

எங்கே நிறுத்துவேன்? ரத்தப் புற்றோ நிணநீர்ப் புற்றோ இருக்கலாம் என்று சந்தேகம் உள்ள பிள்ளைக்கு, குறிப்பாகக் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் ஆபரேஷனில், தொடவே மாட்டேன். ஒரே டோஸ்கூடப் புற்றணுக்களை மொத்தமாக உடைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்குச் சர்க்கரையைக் கவனித்தபடி கொடுக்கலாம்.

## இரண்டையும் சேர்த்து

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று வயதைத் தாண்டிய, அரை மணி நேரத்துக்கு மேல் ஆபரேஷன் உள்ள பிள்ளைக்கு இதுதான் முதல் தேர்வு. 2020 வழிகாட்டுதலும் ஒன்றோ இரண்டோ அபாயம் உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஜோடியையே சொல்கிறது.

காரணம் எளியது. மூளையின் வாந்தி மையம் பல வாசல் உள்ள வீடு. குடலிலிருந்து ஒரு வாசல், ரத்தத்தில் வரும் மருந்திலிருந்து ஒன்று, காதின் சமநிலை உறுப்பிலிருந்து ஒன்று. ஒரே வாசலுக்கு இரண்டு பூட்டுப் போடுவதைவிட, இரண்டு வாசலுக்கு ஒவ்வொரு பூட்டு நல்லது. 2004-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிராபெரிடால் என்ற இன்னொரு வாந்தித் தடுப்பு ஊசி ஒவ்வொன்றும் அபாயத்தைக் கால் பங்கு அளவு குறைத்தது. ஒன்றின் பலன் மற்றொன்றின் பலனைத் தின்னவில்லை. இருக்கிற அபாயத்தில் கால் பங்குதான் குறைகிறது என்பதால், அபாயமே குறைவான பிள்ளைக்கு மருந்தை அடுக்குவதில் லாபம் இல்லை.

நேரமும் பொருந்துகிறது: ஒன்று விழித்தெழும் முதல் சில மணி நேரத்துக்கு, மற்றது ராத்திரிக்கு. 18 கிலோ பிள்ளைக்கு 1.8 மி.கி. ஒண்டான்செட்ரானும் 2.7 மி.கி. டெக்ஸாமெத்தசோனும். மொத்தப் பில்லில் இந்த இரண்டு ஆம்பூலின் விலை கண்ணிலேயே படாது.

## ஆவி மயக்கமா, புரோபோஃபால் மயக்கமா

இங்கேதான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளை முகமூடி வைத்து, செவோஃப்ளூரேன் ஆவி கொடுத்துத் தூங்க வைக்கிறோம். ஊசி குத்தும்போது பிள்ளை விழித்திருக்காது என்பது பெரிய நன்மை. ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் சில மணி நேர வாந்திக்கு ஆவியே பெரிய காரணம்.

மாற்று வழி, ஆவியே இல்லாமல் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை நரம்பு வழியாகச் சிரிஞ்ச் பம்ப்பில் சீராக ஏற்றுவது. புரோபோஃபாலுக்கே வாந்தியை அடக்கும் குணம் உண்டு. பிள்ளை தெளிவாக, அமைதியாக எழுந்திருக்கும். ஆவி மயக்கத்திலிருந்து எழும் சில பிள்ளைகள் அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்திப் புரள்வார்களே, அதுவும் குறையும்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது, விழித்திருக்கும்போதே நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். மரத்துப்போகும் கிரீம் தடவலாம், ஆனால் அது வேலை செய்ய ஒரு மணி நேரம் வேண்டும். அவசரமாக உள்ளே அழைக்கும் இடத்தில் அதற்கு யாரும் காத்திருப்பதில்லை. புரோபோஃபால் ஏறும்போது கை எரியும், லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து சேர்த்தால் குறையும். நல்ல பம்ப்பும் அதைப் பழக்கமாகக் கையாளும் கையும் வேண்டும். இவை எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை.

இன்னொன்று மாறுகண் ஆபரேஷனுக்கே உரியது. கண் தசையை இழுக்கும்போது இதயத் துடிப்பு திடீரெனக் குறையும். புரோபோஃபால் முறையில் அது இன்னும் அடிக்கடி நடக்கிறது. வாந்தியைத் தடுப்பதில், ஆவியோடு ஒரு தடுப்பு ஊசி கொடுத்ததைவிடப் புரோபோஃபால் மட்டும் சிறப்பாகச் செய்ததாகவும் நிரூபணம் இல்லை. எனவே, "பணம் கூட ஆனாலும் பரவால்லீங்க, புரோபோஃபாலே குடுங்க" என்று கேட்கும் அப்பாவிடம், அதை இரட்டை ஊசிக்குப் பதிலாக வாங்காதீர்கள், மேலதிகமாக வேண்டுமென்றால் வாங்குங்கள் என்பேன். மூன்று அபாயம் இருந்தாலோ, முன்பு இரட்டை ஊசி போட்டும் வாந்தி எடுத்த பிள்ளையாக இருந்தாலோ இது சரியான தேர்வு.

## வலி மருந்தை மாற்றுவது

பலர் இதை வாந்தித் தடுப்பாகவே நினைப்பதில்லை. மார்ஃபின் வகை குறையக் குறைய வாந்தியும் குறையும். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நேரப்படி கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. குடலிறக்கம், விதை இறங்காத பிள்ளை, சுன்னத் ஆகியவற்றுக்கு, மயங்கிய பின் வால் எலும்புக்கு மேலே ஒரு மரப்பு ஊசி போடலாம். சில மணி நேரம் வலியே தெரியாது. கால் கொஞ்சம் தளர்ந்திருக்கும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் பிள்ளை "கால் காணோம்" என்று அழும். சிறுநீர் போகக் கொஞ்சம் தாமதமாகலாம்.

வீட்டுக்கு டிராமடால் சொட்டு மருந்தோ சிரப்போ எழுதிக் கொடுத்தால் வயதைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் 12 வயதுக்குக் கீழ் டிராமடால் கூடாது என்றது. டான்சில் ஆபரேஷனுக்குப் பின் 18 வயது வரையிலுமே கூடாது. காரணம் மூச்சு அடங்கும் ஆபத்து. வாந்தி அதற்கு அடுத்த காரணம்.

## மணிக்கட்டு, சலைன், பட்டினி

உறவினர் அனுப்பிய வீடியோ பொய்யல்ல. முன்கையின் உட்புறம், மணிக்கட்டு ரேகையிலிருந்து பிள்ளையின் மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் உள்ள இடத்தில் அழுத்தினால் வாந்தி குறைகிறது என்று, போலி அழுத்தத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகள் சொல்கின்றன. செலவும் ஆபத்தும் இல்லை. ஊசிக்கு மாற்றாக அதை நம்ப மாட்டேன், ஊசியோடு சேர்த்துச் செய்யுங்கள். வார்டில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

ஆபரேஷனின்போது சலைனைத் தாராளமாகக் கொடுப்பதும் பலன் தருகிறது. மாறுகண், டான்சில் பிள்ளைகளில் மணிக்குக் கிலோவுக்கு 10 மில்லிக்குப் பதில் 30 மில்லி கொடுத்தபோது வாந்தி குறைந்தது. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கு இது பொருந்தாது.

பட்டினி பற்றிச் சொல்லாமல் முடியாது. "ராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சத் தண்ணிகூட குடுக்கலீங்க" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் போதும். ஐரோப்பிய வழிகாட்டுதலில் தெளிந்த நீர் 1 மணி நேரம் முன்பு வரைகூட உண்டு. வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் சரி. பால், டீ, கஞ்சி தெளிந்த நீர் ஆகாது. நேரத்தை உங்கள் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முழித்த பிறகு நேர் எதிர். "ஒரு வாய் குடிச்சாத்தான் டிஸ்சார்ஜ்" என்று கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தால் வாந்தி கூடும். கேட்கும்போது கொடுங்கள்.

## பழைய ஊசிகள்

பெரினார்ம் என்று அழைக்கப்படும் மெட்டோகுளோபிரமைடு பிள்ளைகளுக்குக் கழுத்தை முறுக்கி, கண்ணை மேலே சொருக வைக்கும். பெற்றோர் வலிப்பு என்று நினைத்து ஓடி வருவார்கள். மாற்று ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றாலும், தடுப்புக்கு இதை முதலில் எடுக்க வேண்டிய தேவை இன்று இல்லை. பெனர்கன் என்று அழைக்கப்படும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழ் மூச்சை அடக்கும் ஆபத்து உள்ளது. டோம்பெரிடோன் சிரப் வீட்டில் இருக்கிறது என்பதற்காக ஒண்டான்செட்ரானோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரண்டும் இதயத் துடிப்பின் அதே மின்னோட்டத்தைத் தொடுபவை.

## ஒரே பார்வையில்

| வழி | தாங்கும் நேரம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| ஒண்டான்செட்ரான் | சில மணி நேரம் | மாலையில் பலம் இறங்கும் | குறைந்த அபாயம், வீடு பக்கம் |
| டெக்ஸாமெத்தசோன் | மறுநாள் வரை | புற்றுச் சந்தேகத்தில் ஆபத்து | ஒண்டான்செட்ரான் கூடாத பிள்ளை |
| இரண்டும் | பகலும் ராத்திரியும் | ஏறக்குறைய இல்லை | டான்சில், காது, மாறுகண், 3 வயதுக்கு மேல் நீண்ட ஆபரேஷன் |
| புரோபோஃபால் முறை | முதல் சில மணி நேரம் | விழித்திருக்கும்போது ஊசி, பம்ப், கண் ஆபரேஷனில் துடிப்புக் குறைவு | மூன்று அபாயம், முன்பு ஊசியை மீறிய வாந்தி |
| மரப்பு ஊசி | சில மணி நேரம் | கால் தளர்ச்சி | இடுப்புக்குக் கீழ் ஆபரேஷன் |
| மணிக்கட்டு அழுத்தம் | அழுத்தும் வரை | இல்லை | எல்லோருக்கும், துணையாக |

## அன்றே மலையேறுவதா, ஒரு ராத்திரி சேலத்திலா

ஹஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாபேட்டைக்காரர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. ஏற்காடு, வெள்ளக்கடை, நாகலூர், செம்மநத்தம் பக்கத்துக்காரர்களுக்கு, எந்த ஊசி என்பதைவிட இந்த முடிவு முக்கியம்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். குப்பனூர் வழியும் மலைப்பாதைதான். பலருக்குத் தெரியாத செய்தி: ஒண்டான்செட்ரான் பயண வாந்தியைத் தடுப்பதில்லை. அது காதின் சமநிலை உறுப்பிலிருந்து வருவது, வேறு வாசல். எனவே வார்டில் நாள் முழுக்க ஒரு துளி வாந்தி எடுக்காத பிள்ளையும் பத்தாவது வளைவில் எடுக்கலாம். பயண வாந்திக்கு வேலை செய்யும் பெனர்கன் போன்ற மருந்துகளோ தூக்கத்தைக் கூட்டும். மயக்கம் முழுதாகத் தெளியாத பிள்ளைக்கு, இருட்டில், காட்டு வழியில், அதை நான் கொடுக்க மாட்டேன்.

தங்குவதன் செலவும் உண்மையானது. காபித் தோட்டத்தில் அன்றாடக் கூலிக்குப் போகும் அப்பா அம்மாவுக்கு இன்னொரு நாள் கூலி போகும். சாப்பாட்டுச் செலவு, வீட்டில் தனியாக விட்டு வந்த சின்னவள், இவையும் உண்டு. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுக்கைக்குக் கட்டணம் இல்லை என்பதால் கணக்கு எளிது. தனியார் ஆஸ்பத்திரியில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்கள், கூடுதல் ஒரு நாள் அதில் அடங்குமா என்று காப்பீட்டு கவுன்டரில் முன்பே கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் கேட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது.

டான்சில் என்றால் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை: தங்குங்கள். முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் கசிந்தால், மலையிலிருந்து இறங்கி வரும் நேரம் விலை உயர்ந்தது. மாறுகண்ணும் பயண வாந்தியும் சேர்ந்த பிள்ளையும் தங்கட்டும். இரண்டு வயதுக் குடலிறக்கம், மரப்பு ஊசி போட்டது, காலையிலேயே முடிந்தது, பிள்ளை தானாகக் கேட்டுக் குடித்தது என்றால், வெளிச்சத்திலேயே மெதுவாகக் காரில் ஏறலாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஏறுவது எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் வேண்டாம். காரில் பிள்ளை மடியில் தூங்கினால் தலையை ஒருபக்கம் திருப்பி வையுங்கள்.

## மயக்கப் பரிசோதனையில் சொல்ல வேண்டியவை

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் நீங்களாகவே சொல்லுங்கள்: பிள்ளையின் எடை, வீட்டில் யாருக்கு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வந்தது, பஸ்ஸில் வாந்தி உண்டா, இதயக் கோளாறு, இரவு எங்கே தங்கப் போகிறீர்கள். பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள்: "ரெண்டு விதமான தடுப்பு ஊசி போடுவீங்களா?", "அதையும் மீறி வந்தா அடுத்து என்ன போடுவீங்க?" இரண்டாவதற்குப் பதில் "அதே ஊசியத்தான்" என்று வந்தால் வேறு வகை இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்கலாம், டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்குப் போன பிறகு ஒன்றிரண்டு முறை வாந்தி வந்து, இடையில் பிள்ளை தெளிவாக இருந்தால் காத்திருக்கலாம். டான்சில் பிள்ளை விழுங்கிய பழைய ரத்தம் காபி நிறத்தில் ஒருமுறை வரலாம். சிவப்பு ரத்தம் வந்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, எழுப்பினால் சரியாக முழிக்காவிட்டாலோ 108-க்குப் போன் செய்யுங்கள், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். டான்சில் ரத்தக்கசிவு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரையிலும் வரலாம், அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைக்காதீர்கள்.